மாத்திரைக்கு ஒழுக்கப் பரீட்சையா?

தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தால் எச்.ஐ.வி. கிருமி தொற்றாமல் காத்துக் கொள்ளலாம் என்று கண்டு, அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா 2012-ம் வருஷத்திலேயே அதற்கு அனுமதி கொடுத்து விட்டது. அதற்கு "பிரெப்" என்று பெயர். ஒழுங்காகச் சாப்பிடுகின்றவர்களுக்கு உடலுறவினால் இந்நோய் வரும் அபாயம் 100-க்கு 99 பங்கு குறைகின்றது. இப்படியிருக்க, ஆணை விரும்பும் ஆண்களிலும், இருபாலாரையும் விரும்பும் ஆண்களிலும் அனேகர் இன்னமும் இதை ஏன் தொடவில்லை?

அதைச் சாப்பிட வேண்டுமானால் முதலில் டாக்டரிடம் போய், "நான் ஆண்களோடு உறவு கொள்ளுகின்றவன்" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அந்த டாக்டரோ அவனுடைய தகப்பனாருக்கும் வைத்தியம் செய்கின்றவராயிருப்பார். சரி, துணிந்து சொல்லியே விட்டான் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாதாரண டாக்டர், "இது எச்.ஐ.வி. நிபுணர்கள் வேலை" என்கின்றார். நிபுணரோ நோய் வந்தவர்களைப் பார்க்கின்றவர். நோய் வராதவன் அவரிடம் போவதேயில்லை. ஆகவே நோய் வந்த பிறகுதான் இவனுக்குச் சரியான டாக்டர் கிடைப்பார் போலும்!

அடுத்தபடியாக வருகின்றது ஒழுக்கப் பேச்சு. "மாத்திரை கொடுத்தால் கண்டபடி திரிவார்கள்" என்கின்றார்கள். 1960-ல் அமெரிக்காவில் கர்ப்பத்தடை மாத்திரை வந்தபோது பெண்களைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள். மலேரியாவுக்குக் கொயினா கேட்கின்றவனை, "நீ எந்தச் சதுப்பு நிலத்துக்கு, எந்த எண்ணத்தோடு போனாய்?" என்று யாராவது கேட்பதுண்டா? வெட்கக்கேடு என்னவென்றால், ஆரம்பத்தில் இம்மாத்திரை சாப்பிட்டவர்களை அதன் வியாபாரப் பெயரோடு சேர்த்து "ட்ருவாடா வேசி" என்று ஏசியவர்களில் அவர்கள் கூட்டத்தாரே சிலர் இருந்ததுதான். அடிபட்டவனே அடிக்கின்றவனுடைய தடியைத் தூக்கிக் கொள்ளுவது புதிதல்லவே.

மதம் சும்மா இருக்குமா? அமெரிக்காவில் 2019-ல் நிபுணர் குழுவொன்று இம்மாத்திரைக்கு முதல்தர சிபாரிசு கொடுத்ததால், தொழிலாளர்களின் வைத்திய இன்சூரன்சில் இதை இலவசமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. டெக்சாசில் பிரெய்ட்வுட் என்ற கம்பெனி, இது தன் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டது. 2022-ல் ஒரு நீதிபதி அந்த மத ஆட்சேபணையை ஏற்றும் கொண்டார். கூலிக்காரனுடைய உடம்புக்கும் முதலாளியுடைய மோட்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம். 2025 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அந்த இலவச ஏற்பாட்டை நிலைநிறுத்தியது உண்மைதான். ஆனால் அங்கு விவாதிக்கப்பட்டது நிபுணர் குழுவின் நியமன முறையே தவிர, மத ஆட்சேபணை அல்ல.

மதம் குறுக்கே நிற்காத இடத்தில் கணக்குப் பிள்ளை நின்றார். இங்கிலாந்தில் 2016-ல் சர்க்கார் வைத்திய இலாகா, "நோய்த் தடுப்பு எங்கள் பொறுப்பல்ல" என்று கை கழுவப் பார்த்தது. ஒரு தர்ம ஸ்தாபனம் ஐக்கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. அப்படியும் அங்கே இது சாதாரணமாகக் கிடைக்க 2020 ஆயிற்று. இடையில் பலர் இந்தியக் கம்பெனிகள் செய்த மலிவுச் சரக்கைத் தாங்களே வரவழைத்துச் சாப்பிட்டு வந்தார்கள்.

இனி நிறத்தைப் பாருங்கள். அமெரிக்க சர்க்காரின் 2022-ம் வருஷக் கணக்குப்படி, இம்மருந்தால் பயனடையக் கூடியவர்களில் மருந்துச் சீட்டு பெற்றவர்கள் வெள்ளையரில் 100-க்கு 94. கருப்பரில் 100-க்கு 13. நோயோ கருப்பரிடத்தில்தான் அதிகம். நம் நாட்டில் வருணம் செய்த வேலையை அங்கே வர்ணம் செய்கின்றது.

இப்போது 6 மாதத்துக்கு ஒரு தரம் போட்டுக் கொள்ளும் லெனகாபவிர் என்ற ஊசி வந்திருக்கின்றது. வீட்டார் கண்ணில் படாமல் மாத்திரைப் புட்டியை ஒளித்து வைக்கும் தொல்லை இதில் இல்லை. 2025-ல் அமெரிக்காவில் அனுமதியானபோது அதற்குப் போட்ட விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். அதையே 2027 முதல் வருஷத்துக்கு 40 டாலர் அளவில் 120 நாடுகளுக்குச் செய்து கொடுக்க இந்தியக் கம்பெனிகள் ஒப்புக் கொண்டிருக்கின்றன. அந்த 120 நாடுகளில் அமெரிக்கா இல்லை. டெக்சாசிலுள்ள கருப்பு வாலிபனுக்கு 40 டாலர் விலை கிடையாது.