வியூ-ன்னா வாக்குறுதி சாமி, வெறும் கொயரி இல்ல!

புது வெர்ஷன் போடுற புண்ணியவான்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உள்ளே என்ன வேணா மாத்துங்க. வெளியே தெரியிற வியூவை ஏன்யா உடைக்கிறீங்க?

டேட்டாபேஸில் வியூ என்பது டேபிள்களுக்கு முன்னாடி வைக்கிற முகம். பின்னாடி டேபிள் ரெண்டாப் பிரியலாம், பேர் மாறலாம். முகம் அப்படியே இருந்தா, அதை நம்பியிருக்கிற ரிப்போர்ட் எதுக்கும் பாதிப்பில்லை. வியூ இருக்கிறதே அதுக்குத்தானே!

போஸ்ட்கிரெஸ் என்ன செஞ்சுது? சர்வரில் யார் என்ன ஓட்டுறாங்கன்னு காட்டுற 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' வியூவில் 'ப்ராக்பிஐடி' என்ற நெடுவரிசையை 2012-ல் (9.2) 'பிஐடி' ஆக்கினாங்க. 2016-ல் (9.6) 'வெயிட்டிங்'கை மொத்தமாத் தூக்கிட்டாங்க. அந்த நெடுவரிசைகளை வெச்சு நாம சொந்தமா ஒரு வியூ எழுதியிருந்தா, 'பிஜி_அப்கிரேட்' பாதியில் நின்னுடும். கேட்டா, "ரிலீஸ் நோட்ஸ்ல எழுதியிருக்கோமே"ம்பாங்க. பாலத்தை இடிச்சிட்டு நோட்டீஸ் ஒட்டினா ஆச்சா?

"பழசையே கட்டி அழுதா வளர்ச்சி எப்படி வரும்?"னு ஒரு கோஷ்டி கிளம்பும். மைக்ரோசாஃப்டைத் திட்டாத பொட்டிதட்டி கிடையாது. ஆனா எஸ்.க்யூ.எல். சர்வர் 2005-ல் சிஸ்டம் டேபிள்களை உள்ளே மறைச்சப்போ, 'சிஸ்ஆப்ஜெக்ட்ஸ்' மாதிரி பழைய பேர்களிலேயே வியூக்களை விட்டு வெச்சாங்க. புதுசா 'சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ்' தனியா வந்தது. பழசு இன்னிக்கும் ஓடுது. என்ன குறைஞ்சு போச்சு?

எங்க மலை ரயிலைப் பாருங்க. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரப் பாதை, 1899-ல் இருந்து இருக்கு. நிலக்கரி எஞ்சின் ஓடின அதே பாதைக்கு, பொன்மலையில் எண்ணெய் எரிக்கிற எஞ்சின் கட்டினாங்க. எரிபொருளை மாத்தினவங்க பல்லை மாத்தலை. மாத்தியிருந்தா வண்டி கல்லாறைத் தாண்டியிருக்குமா?

இது பொட்டிதட்டிகளோட உள்சண்டைன்னு நினைக்காதீங்க. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கண்ணால பார்த்தேன். சாஃப்ட்வேரைப் புதுசாக்கினாங்க, ஒரு வியூவில் ஒரு பேர் மாறிடுச்சு, பச்சை இலை எடைக் கணக்கு வரலை. இலை கொடுத்த சிறு விவசாயிகளுக்கு அந்த மாசத்துப் பணம் ஒன்பது நாள் தள்ளிப் போச்சு. அரை ஏக்கர் வெச்சிருக்கிறவருக்கு மளிகைக் கடன், புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதில்தான். ரிலீஸ் நோட்ஸை அவர்கிட்டயா படிச்சுக் காட்டுறது?

பேர் மாத்தணுமா, புதுசா ஒரு வியூ போடுங்க. பழசை ரெண்டு வெர்ஷனாவது விட்டு வைங்க. தூக்கப் போறோம்னு முதல் வெர்ஷன்லயே சத்தமாச் சொல்லுங்க. உங்களுக்கு ஆகுற செலவு பத்து வரி கோடு. அதைக்கூட எழுத சோம்பேறித்தனமா இருந்தா, அப்கிரேட்னு பேர் வைக்காதீங்க சாமி.