படுத்தால்தான் பணமா?

பழனி அடிவாரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலானவை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரியவை. மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மாதம் தவறாமல் அதே மாத்திரைகள்தான். வழக்கமான மெடிக்ளைம் பாலிசி இவற்றில் ஓர் அட்டைக்குக்கூடக் காசு தராது. டயாலிசிஸ், கண்புரை போன்ற சில சிகிச்சைகள் நீங்கலாக, 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம்.

படுத்தவர்களுக்காவது முழுசாக வருகிறதா? சன்னதி வீதியில் டிபன் கடை நடத்தும் நண்பர் ஒருவர் 3 லட்ச ரூபாய் பாலிசிக்கு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியவர். பித்தப்பை ஆபரேஷனுக்கு வெளியூர் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தை என் மேஜையில் விரித்து வைத்தார். "ரூமுக்குப் பாதி கழிச்சா சரி. ஆபரேஷன் பண்ணின டாக்டர் பீஸ்ல ஏண்ணே பாதி கழிக்கிறாங்க?"

அவர் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். அதாவது நாளுக்கு 3,000. அவருக்குக் கிடைத்ததோ 6,000 ரூபாய் அறை. வரம்பைத் தாண்டினால் அதே விகிதத்தில் டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் வெட்டுப்படும். மருந்து, பரிசோதனைக் கட்டணங்களை இப்படி வெட்டக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் சொன்னதால் அந்த மட்டில் தப்பினார். பாலிசி விற்றவர் இதையெல்லாம் சொல்லவே இல்லையாம். வலியோடு வருகிறவன் விதிமுறைப் புத்தகத்தைப் படித்துவிட்டா அறை கேட்பான்?

ஆயக்குடியில் கொய்யா பறிக்கும் ஓர் அம்மா, கூலி கிடைத்த நாளில் மட்டும் வந்து "நாலு மாத்திரை போதும் தம்பி" என்பார். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பேன். நாலு தீர்ந்து அடுத்த கூலி வரும்வரை ரத்த அழுத்தம் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, தன்னார்வலர் பெண் அவர் வீட்டுக்கே போய் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். என் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார். அதில் எனக்கு முழுச் சம்மதம். அந்த மாத்திரைகளுக்குப் பின்னால் 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவதால் விலை அடிமட்டத்துக்கு வருகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இதய ஆபரேஷனுக்கு நிலத்தை விற்க இருந்தவர்களை அது காப்பாற்றியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளும் அதிலிருந்து பணம் பெறுகின்றன. ஆனால் அதுவும் படுத்த பிறகு வரும் உதவிதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வரம்பு வேறு. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கும் என் டிபன் கடை நண்பர் அதற்குள் வரவில்லை. தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் நீங்கியது நல்லதுதான். ஆனால் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்.

தாய்லாந்து வேறு வழியில் போனது. முதலில் மாவட்டந்தோறும் மருத்துவமனைகளைக் கட்டியது. பிறகு 2002-ல் வரிப்பணத்தில், ஒரு முறைக்கு 30 பாத் கட்டணத்தில், புறநோயாளிக்கும் உள்நோயாளிக்கும் சேர்த்தே சிகிச்சை தந்தது.

நாமும் அந்த வரிசையில் போகலாம். காப்பீட்டுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், தாலுகா ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இரவு முழுக்க இதய மருத்துவரும் ஸ்கேன் எடுப்பவரும் இருக்கப் பணம் ஒதுக்க வேண்டும். தைப்பூசத்துக்கு நடந்து வருகிற லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால், வருமானச் சான்றிதழும் பாலிசி எண்ணும் கேட்காமல் அங்கேயே சிகிச்சை தொடங்க வேண்டும். வரும் பட்ஜெட்டில் இதற்கான தொகையைத்தான் நான் முதலில் தேடுவேன்.