முகமுண்டு, பெயரில்லை: மலையக மக்களும் புகைப்படக் கலையும்

யார் யாரைப் பற்றி எழுதலாம், எந்த மொழியில் எழுதலாம் என்ற வினா ஈழத்துத் தமிழ் இலக்கியத்தில் அறுபதுகளின் தொடக்கத்தில் பெரும் விவாதமாக மூண்டது. மரபுப் போராட்டம் எனப் பெயர் பெற்ற அவ்விவாதத்தில், உழைக்கும் மக்களின் பேச்சை இழிசனர் வழக்கு எனத் தள்ளியவர்களுக்கு எதிராக எழுத்தாளரும் திறனாய்வாளரும் அணிதிரண்டு நின்றனர். அதன் பயனாக, தோட்டத் தொழிலாளியை வெறும் இரக்கப் பொருளாக்கிக் கதை எழுதுபவன் இன்று வாசகனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவனாகிறான். ஆயின் அதே வினாவைப் புகைப்படக் கலையை நோக்கி நாம் இன்னும் கேட்கவில்லை. எழுத்தாளனை மறித்து விசாரிக்கும் நமது திறனாய்வு, கமெராவைத் தோளில் தொங்கவிட்டு மலையேறுபவனைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கிக் கொள்கிறது. இம்மௌனத்தைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டிப்பொல என்ற பெயர் இன்று உலகத்தார் பலருக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1891 மீற்றர் உயரத்திலுள்ள அந்நிலையமே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். அவ்வுயரத்தைக் குறிக்கும் பலகையின் அருகே நின்றும், புகையிரதத்தின் கதவைப் பற்றி வெளியே சாய்ந்தும் எடுக்கப்பட்ட படங்கள் அண்மை ஆண்டுகளில் கண்டங்கள் தாண்டிப் பரவின. அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா எனத் தோட்டங்களின் நடுவே ஏறி வரும் அவ்விருப்புப் பாதையின் இருமருங்கும் உள்ள பச்சைச் சரிவுகளும் அப்படங்களில் உண்டு. சரிவுகளில் புள்ளிகளாக மனிதரும் உண்டு. சில வேளைகளில் அப்புள்ளி பெரிதாகி ஒரு பெண்ணின் முகமாகிறது. தலையில் கொங்காணி, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, வெற்றிலைக் கறை படிந்த ஒரு சிரிப்பு. படத்தின் கீழே ‘துயரிலும் மலர்ந்த முகம்’ என்றோ ‘தளராத உள்ளம்’ என்றோ ஒரு தலைப்பு. அத்தலைப்பின் கீழே எடுத்தவரின் பெயர் இருக்கும். எடுக்கப்பட்டவரின் பெயர் மட்டும் இராது.

பெயர் எழுத மறந்தது ஒரு சிறு கவனக்குறைவு என்று இதனைத் தள்ளிவிட முடியாது. இதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு தொடங்குவதும் நமது மலைகளிலேதான்.

புகைப்படத்தைக் கலையாக உயர்த்தியோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் யூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்நாட்டின் ஆட்சிமுறையைத் திருத்தியமைத்த கோல்புறூக் - கமரோன் ஆணைக்குழுவின் கமரோனே இவருடைய கணவர். அக்குடும்பத்துக்கு இங்கு தோட்டக் காணிகள் இருந்தன. இங்கிலாந்தில் இவர் எடுத்த டெனிசன், ஹேர்ஷல், டார்வின் ஆகியோரின் படங்கள் மனித முகத்தின் ஆழத்தைக் காட்டுவன என இன்றளவும் போற்றப்படுகின்றன. இலங்கையில் இவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதளவே. அவற்றில் உள்ளவர்களுட் பலர் உழைப்பாளிகள். டெனிசனின் படம் டெனிசன் என்ற பெயரோடு நிற்கிறது. இங்குள்ளோரின் படங்கள் ‘களுத்துறைக் குடியானவர்’ என்பது போன்ற பொதுப் பெயர்களோடு நிற்கின்றன. களுத்துறையில் இவரைக் கண்ட ஓவியர் மரியான் நோர்த் தமது நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தியைச் சொல்கிறார். ஒருவனுடைய முதுகின் அழகில் மயங்கிய கமரோன், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். அங்கே தோட்டமும் இல்லை, அம்மனிதனுக்குத் தோட்டக்காரன் என்றால் என்னவென்றும் தெரியாது. முதுகின் அழகு நமக்கு எழுத்தில் வந்து சேர்ந்திருக்கிறது, அம்முதுகுக்கு உரியவனின் பெயர் வந்து சேரவில்லை. கமரோனின் கலைத்திறனை இங்கு யாரும் மறுக்கவில்லை. அத்துணை நுண்மையான கண்ணும் கூட ஒரு சாராரிடம் ஆளுமையையும் மற்றொரு சாராரிடம் உருவத்தையும் மட்டுமே கண்டது என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கலைஞர் விட்ட இடத்தில் வணிகர் தொடர்ந்தனர். ஸ்கோவன், பிளாற்றே முதலிய கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள் ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்போர்’ என்ற வகைப் பெயர்களோடு படங்களை விற்றன. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அதன்பின் கூடையோடு நிற்கும் பெண்ணுருவம் தேயிலை விளம்பரத்தின் நிலையான முத்திரையாயிற்று. 1934இல் பசில் றைற் இயக்கிய ‘இலங்கையின் பாடல்’ என்ற ஆவணப்படம் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பின்னணியில் நின்றது தேயிலைப் பிரசார சபை. நமது நாட்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட், பதினேழாம் நூற்றாண்டின் ரொபேட் நொக்ஸ் எழுதிய வாசகங்களை அப்படத்துக்காகப் படித்தார். வணிகத்தின் குரல்களும் அதில் ஒலிக்கின்றன. கொழுந்தெடுப்பவள் தன்னைப் பற்றித் தானே பேசும் இடம் மட்டும் அதில் இல்லை.

இனி, அரசும் இம்மக்களைப் படமெடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இன் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. அந்தக் கணக்கில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டுக்கென ஒரு படம் வேண்டியிருந்தது. கமரோனும் வணிகரும் எழுதாத பெயர் இந்தப் படத்தின் கீழ் மட்டும் தவறாது எழுதப்பட்டது. தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டியை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தது. அவ்வண்டியில் ஏறியவர்களின் மடியில் இருந்தது அச்சிறு படமே. அழகுக்காக எடுத்தபோது பெயர் வேண்டப்படவில்லை, வெளியேற்றுவதற்கு எடுத்தபோது வேண்டப்பட்டது. இதைவிடக் கூரிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

இப்பின்னணியில் வைத்தே இன்றைய ‘மனவுறுதி’ப் படங்களை நாம் மதிப்பிட வேண்டும். மனவுறுதி இம்மக்களிடம் இல்லை என்று எவரும் கூறார். இரு நூற்றாண்டுகளாக அட்டைக்கும் குளிருக்கும் மழைக்கும் துண்டு முறைக்கும் கங்காணியின் கடனுக்கும் ஈடுகொடுத்து நின்ற மக்கள் அவர்கள். ஆனால் அம்மனவுறுதியைப் பாராட்டுவதில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. எதையும் தாங்குவார்கள் என்று ஒருவரைப் புகழ்வது, இன்னும் சுமத்தலாம் என்று கூறுவதற்கு அடுத்த படி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. இடர் உள்ள இடம் என முன்னரே எச்சரிக்கப்பட்ட நிலம் அது. அழும் முகங்கள் அன்று நாடெங்கும் அச்சாகின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாடெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியபோதும் அதே முகங்கள் மீண்டும் அச்சாகின. அழுகையைப் படமாக்கியவர்கள், எச்சரிக்கைக்குப் பின்னும் அம்மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்ற வினாவையும் படமாக்கியிருந்தால் நமது கண்ணீருக்குப் பயன் உண்டாகியிருக்கும். மலைச்சரிவும், அதன் அடியில் லயனும், காணியுறுதி இல்லாத குடும்பமும் ஒரே சட்டத்துக்குள் வந்திருக்க வேண்டும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால் துயரம் இயற்கையின் செயலாகவும், மீண்டெழுதல் தனிமனித குணமாகவும் சுருங்கிவிடுகின்றன. தோட்ட நிருவாகமும் அரசும் சட்டத்துக்கு வெளியே நின்று தப்பிக் கொள்கின்றன.

இதற்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு.

பெயரில்லாதபோதே முகம் மனித குலம் முழுமைக்கும் உரியதாகிறது என்பது முதலாவது. இதற்குச் சான்றாக டொரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ படத்தைக் காட்டுவர். பஞ்சகாலத் தொழிலாளத் தாய் ஒருத்தியின் கவலை தோய்ந்த முகம் அது. லாங் அவரது பெயரைக் கேட்கவில்லை. அத்தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. உலகமெல்லாம் அறிந்த அப்படத்தால் தமக்கு எப்பயனும் கிட்டவில்லை என்று அவர் மனம் நொந்து கூறினார். பொதுமை என்று நாம் கொண்டாடியது நாற்பதாண்டுகளாக ஒருத்தியை வாயடைத்து வைத்த பொதுமை.

படம் உதவியைக் கொண்டுவருகிறது, ஆகவே குறை காணலாகாது என்பது இரண்டாவது. உதவி கொண்டுவந்த படங்கள் எத்தகையன என்று பார்ப்போம். 1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுத்த லூயிஸ் ஹைன், குழந்தையின் பெயர், வயது, கூலி, வேலை நேரம் ஆகியவற்றை இயன்ற இடமெல்லாம் குறித்துக் கொண்டார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தார் என்பர். அப்படங்கள் சட்டத்துக்கான போராட்டத்தில் சான்றுகளாயின. இரக்கத்தைத் தூண்டியதோடு அவை நிற்கவில்லை, மறுக்க முடியாத விவரங்களையும் முன்வைத்தன.

அனுமதி கேட்டால் உணர்ச்சியின் இயல்பு கெட்டுவிடும் என்பது மூன்றாவது. இயல்பு எது என்று தீர்மானிப்பவர் யார்? அட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்த படப்பிடிப்பு நிலையங்களில், திருமணத்துக்கும் பிரிவுக்குமாகத் தோட்டத்துக் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்களைப் பாருங்கள். இருப்பதில் நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நேராக நிமிர்ந்த முதுகு, லென்சை நேரே நோக்கும் சிரிக்காத கண்கள். கொழுந்துக் கூடையை அவர்கள் அங்கே எடுத்துச் செல்லவில்லை. தம்மை உலகம் எப்படிக் காண வேண்டும் என்று அவர்களே முடிவு செய்த படம் அது. லயன் காம்பராவின் சுவரில், சாமி படங்களுக்கு அருகே மாலையோடு தொங்குவதும் அதுவே. கண்காட்சிக்காரர் அதனைச் செயற்கை என்பார். நூறாண்டு அவமதிப்புக்கு ஒரு குடும்பம் தந்த பதில் அந்த நிமிர்வில் இருக்கிறது என்பேன் நான். தளராமையின் படம் வேண்டுவோர் அச்சுவர்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

சொல்லால் இது முன்னரே செய்து காட்டப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ தோட்டத்து மாந்தரின் சித்திரங்களாலான நூல். தோட்டத்தில் பிறந்து அம்மக்களின் தொழிற்சங்கத்தில் உழைத்தவருக்கு அவர்கள் ஒரு திரளாகத் தோன்றவில்லை, தனித்தனி மனிதராகத் தோன்றினர். புகைப்படம் இன்னும் அவ்விடத்தை எட்டவில்லை. எட்டுவதற்கான வழி இன்று திறந்திருக்கிறது. கைப்பேசி தோட்டத்து இளைஞர் கைகளுக்கு வந்துவிட்டது. காமன் கூத்தையும், வேலைநிறுத்தத்தையும், லயன் சுவரில் விழுந்த வெடிப்பையும், தராசில் கழிக்கப்படும் கிலோவையும் அவர்களே படமெடுக்கிறார்கள். 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, நடந்தவர்களே அந்நடையைப் பதிவும் செய்தார்கள். ஒளியமைப்பில் குறையிருக்கலாம். ஆயினும் எதைக் காட்டுவது என்ற முடிவு அவற்றில் இடம் மாறியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தார் நமக்கு இதில் தப்பிக்க முடியாத பொறுப்புண்டு. ஆண்டுதோறும் மலையகம் செல்வோம், படமெடுப்போம், கண்காட்சி வைப்போம், பரிசு வழங்குவோம். இனி அக்கண்காட்சிகளுக்குச் சில நிபந்தனைகளை விதிப்போம். பெயரும் சம்மதமும் இல்லாத முகம் சுவரேற வேண்டாம். பெயர் வெளிப்படுவதால் தோட்ட நிருவாகத்தின் பழிவாங்கலுக்கு ஆளாகும் இடத்தில், மறைப்பதா வெளியிடுவதா என்பதை அம்மனிதரே தீர்மானிக்கட்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதி அவர் வீட்டைச் சென்றடையட்டும். கண்காட்சியின் முதல் நாள் பல்கலைக்கழக மண்டபத்தில் அல்ல, எடுக்கப்பட்ட தோட்டத்தில் நடைபெறட்டும். தம்மைப் பற்றிய படத்தை அம்மக்கள் ஏற்கவில்லையெனில் அது கழற்றப்படட்டும். லயன் சுவர்ப் படங்களை உரியவர் இசைவோடு பிரதியெடுத்து, பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் நூலகத்தில் சேர்க்கும் பணியைத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கட்டும். ஓடு மாற்றாத கூரைகளின் கீழ் மழைநீர் பட்டு அழிந்துகொண்டிருக்கும் வரலாறு அது. காலந் தாழ்த்தினால் காப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இவை கலைக்கு விலங்கிடும் நிபந்தனைகள் என்று சிலர் சினக்கக்கூடும். மனிதரைக் காட்டுவதாகச் சொல்லும் கலை, அம்மனிதரிடம் பெயர் கேட்பதையே விலங்கென்று கருதுமாயின், அது காட்டுவது மனிதரை அன்று. செக்ரோலில் ஓர் இலக்கமாக, ஒப்பந்தத்தில் ஒரு தொகையாக, தேயிலைப் பெட்டியில் ஒரு முத்திரையாக இருந்தது போதும். பட்டிப்பொலப் பலகையில் உயரத்தை மீற்றர்க் கணக்கில் துல்லியமாக எழுதி வைத்திருக்கும் நாம், அம்மலைகளில் ஏறி இறங்கி இந்நாட்டை ஊட்டியவளின் பெயரையும் அதே துல்லியத்தோடு எழுதக் கற்றுக்கொள்வோம்.