வேலை தானாகப் பேசாது: ஒரு வாத்தியாரின் மன்னிப்பும் கொஞ்சம் கோபமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னை 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் ஒரு 5 நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டாள். நிறுவனமும் சம்மதித்தது. அன்றிலிருந்து மாடி அறையில்தான் அலுவலகம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், நெட் போனால் போன் டேட்டா. வேலை ஒரு நாள் நின்றதில்லை.

இந்த வருடமும் அவளுக்குப் பதவி உயர்வு இல்லை. இது மூன்றாவது முறை. கிடைத்தது, இவளே வேலை பழக்கிக் கொடுத்த ஒரு பையனுக்கு. மேலாளர் சொன்ன காரணம்: "உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. விசிபிலிட்டிதான் பத்தல."

இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சார், ஒழுங்கா செஞ்சா நம்ம வேலையே நமக்காகப் பேசும்னு நீங்கதான சொல்வீங்க? இத்தனை வருசமா செய்யிறேன். அது வாயே திறக்கல சார்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது.

முதலில் என் மன்னிப்பு. அந்த வாக்கியத்தை நான் எல்லா வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். "அடக்கமா இரு, தற்பெருமை பேசாதே, தானா வரும்." ஏன் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்? எனக்கு எல்லாமே தானாகத்தான் வந்தது. நான் அரசுப் பள்ளி ஆசிரியர். 10 வருடம் முடிந்தால் தேர்வுநிலை, 20 வருடம் முடிந்தால் சிறப்புநிலை. பதவி உயர்வுக்கு முன்னுரிமைப் பட்டியல். எனக்காகப் பேசியது என் வேலை இல்லை, என் பணிப்பதிவேடு. பட்டியலில் பெயர் ஏறுகிற உலகத்தில் இருந்துகொண்டு, பட்டியலே இல்லாத உலகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையது.

அடுத்தது, இன்று மேலாளர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு. உங்களில் பலர் டீம் லீடர், மேனேஜர் என்று இருக்கிறீர்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். "விசிபிலிட்டி பத்தல" என்றால் என்ன அர்த்தம்? யாருக்குத் தெரியவில்லை? பார்க்க வேண்டியவர் நீங்கள். உங்கள் கண் பார்க்காததற்கு அவள் எப்படிக் குற்றவாளி ஆனாள்?

பொதுத்தேர்வு விடைத்தாளை நாங்கள் எப்படித் திருத்தினோம்? முகாமில் உட்காருவோம். மாணவன் பெயர் தெரியாது, பள்ளி தெரியாது, முகம் தெரியாது. தாளில் இருப்பதற்கு மட்டும் மதிப்பெண். தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொன்ன பையனுக்கு 2 மார்க் கூடப் போட வழி கிடையாது. அப்படித் திருத்தப்பட்ட மதிப்பெண்ணை வைத்துத்தான் நீங்கள் கல்லூரிக்குப் போனீர்கள், இந்த நாற்காலிக்கு வந்தீர்கள். இன்று நீங்கள் திருத்தும்போது மட்டும் முகம் பார்த்து மார்க் போடலாமா?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. சீனாவில் சிடிரிப் என்ற பயண நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவினரும் அதை 2015இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். விருப்பம் தெரிவித்த ஊழியர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வாரம் 4 நாள் வீட்டிலிருந்தும், மற்றவர்களை அலுவலகத்திலிருந்தும் வேலை செய்ய வைத்தார்கள். 9 மாதம். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் ஒரே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்திருந்தது. கூடுதலாக உழைத்தார்கள், கண்ணில் படவில்லை, கதை முடிந்தது.

அதே நிறுவனத்தில் இன்னொரு சோதனை. முடிவு 2024இல் நேச்சர் இதழில் வந்தது. 1,612 பேர். இந்த முறை ஒரு பிரிவினருக்கு வாரத்தில் 2 நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பதவி உயர்வில் வித்தியாசமே இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். எனக்குப் புரிவது இதுதான்: 2 நாள் கண்ணில் படாவிட்டால் மேலாளர் மறப்பதில்லை, 4 நாள் படாவிட்டால் மறந்துவிடுகிறார். மறதி யாருடைய குறை?

"சார், ஆபீஸ் வர்றவன் தினமும் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் சாகிறான், அவனுக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயம். அவனுக்குப் பயணப்படி கொடுங்கள், வாடகைப்படி கொடுங்கள். பஸ்ஸில் வந்ததற்குப் பதவி கொடுக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர ஆள் வேண்டும் என்பீர்கள். அதுவும் நியாயம். இவள் அந்தப் பையனுக்கு மாடியிலிருந்தே கற்றுக்கொடுத்தாளே, அதை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? ஆளை நேரில் பார்த்தால்தான் உயர்வு என்பது விதியானால், வீட்டிலிருந்து வேலை செய்யச் சம்மதித்த அன்றே அதை எழுத்தில் சொல்லுங்கள். விதியை மறைத்துவைத்துவிட்டு மூன்று வருடம் கழித்து ஃபெயில் போடுவது திருத்துகிறவன் செய்கிற வேலை இல்லை.

மூன்றாவது, உறவுகளே, உங்களுக்கு. "அவ வீட்லதான இருக்கா" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். சிலிண்டர் வந்தால் அவள், வளைகாப்புக்குப் பூக்கட்ட அவள், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கவும் அவள். மீட்டிங் நடக்கும்போது பக்கத்தில் மிக்ஸி ஓடினால் அவள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போனது அங்கே குறையாக விழுகிறது. வேலைநேரத்தில் அந்த அறைக்கதவைத் தட்டாதீர்கள். பையன் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் "தம்பி வேலையா இருக்கான், சத்தம் போடாதீங்க" என்கிறீர்கள் அல்லவா? அதே மரியாதை.

கடைசியாக, மாடி அறைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. பழைய புத்திமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியது தருகிறேன்.

நாங்கள் வாராவாரம் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குவோம். சலித்துக்கொண்டேதான் எழுதினோம். ஆனால் எந்த அதிகாரி வந்து "என்ன நடத்தினீர்கள்?" என்று கேட்டாலும் நோட்டு பதில் சொல்லும். நீங்களும் வெள்ளிக்கிழமைதோறும் மேலாளருக்கு 5 வரி அனுப்புங்கள். என்ன முடித்தேன், அதனால் என்ன மிச்சமாயிற்று, யாருக்குக் கற்றுக்கொடுத்தேன். எண்ணோடு எழுதுங்கள். நீங்கள் செய்ததை "நான் செய்தேன்" என்றே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் "நாங்கள்" என்று போடாதீர்கள். உண்மையைச் சொல்வது தற்பெருமை ஆகாது.

மதிப்பீட்டுக்கு ஆறு மாதம் முன்னாலேயே கேளுங்கள்: "அடுத்த பதவிக்கு என்னிடம் என்ன குறைகிறது?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால், "நீங்கள் சொன்னது இதுதானே" என்று நீங்களே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். அது தலைவிதி என்பதால் இல்லை, செலவு குறைந்த வழி என்பதால். இரண்டு முறை கேட்டும் பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். வாராவாரம் எழுதிய குறிப்பு அப்போதும் கைகொடுக்கும்.

அவள் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். முதல் வரியிலேயே "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று இருந்தது. அதை மட்டும் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை அனுப்பிவிட்டாள். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

மேலாளர்களாக இருக்கும் மாணவர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, பதில் எழுதுங்கள். கையை மட்டும் உயர்த்திவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்