எல்லாருக்கும் விருப்பந்தானே?

சகோதரிகளே, "குழுச் சிந்தனை" என்றொரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. பலர் கூடினால் புத்தி மழுங்கிவிடும் என்பதே அதன் பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று.

இதை விளக்கி 1972இல் நூல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். 1961 ஏப்ரலில் கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்க, பன்றிகள் விரிகுடாவில் சுமார் 1,400 பேரை இறக்க ஜனாதிபதி கென்னடி அனுமதித்தார். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,100க்கும் அதிகமானோர் பிடிபட்டனர். யோசனை சொன்னவர்கள் மூடர்களா? இல்லை, நன்கு படித்தவர்கள். ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஆலோசகர், இத்திட்டம் பிழையென்று கென்னடிக்குத் தனியே எழுதியும் கொடுத்திருந்தார். கூட்டத்திலோ வாய் திறக்கவில்லை. ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார், இனி வற்புறுத்த வேண்டாமென்று கென்னடியின் தம்பி வேறு அவரிடம் சொல்லி வைத்தார். ஒருவரின் மௌனம் மற்றவருக்குச் சம்மதமாகத் தெரிந்தது.

சண்டைக்காரரிடையே அல்ல, ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்க விரும்பாத ஒட்டுறவான கூட்டத்திலேயே இந்நோய் எளிதில் பற்றும் என்கிறார் ஜானிஸ். (ஒருமித்த முடிவெல்லாம் இந்நோயென்று சொல்லிவிடவும் கூடாது.)

அப்படியானால் மஷூராவே வேண்டாம் என்பது இன்னொரு தப்பபிப்பிராயம். 1962இல் ஏவுகணை நெருக்கடி வந்தபோதும் கென்னடி பலரைக் கூட்டியே ஆலோசித்தார். ஆனால் மற்றவர்கள் தாராளமாகப் பேசட்டுமென்று சில கூட்டங்களுக்குத் தாம் போகாமலிருந்தார்.

நமக்கு இது புதிதா என்ன? பத்ரில் நபி (ஸல்) அவர்கள் தங்கிய இடம் வஹியின்படியா, சொந்த அபிப்பிராயமா என்று ஹுபாப் இப்னுல் முன்திர் (ரழி) அவர்கள் கேட்டதையும், அபிப்பிராயமே என்றறிந்ததும் வேறிடம் கூறியதையும், நபியவர்கள் அதை ஏற்றதையும் சீரா நூல்களில் படிக்கிறோம்.

நம் வீடுகளில் கலியாணப் பேச்சு எப்படி நடக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் போனதும் பெரியவர் ஒருவர், "எல்லாருக்கும் விருப்பந்தானே?" என்கிறார். அந்தத் "தானே" கதவைச் சாத்திவிடுகிறது. மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ கேள்விப்பட்ட சாச்சி, சபையைக் குழப்புவானேன் என்று தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுகிறார். வாழப்போகும் பிள்ளை கதவோரம் நிற்கிறாள்.

அன்றிரவே முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குப் பெரியவர் கடைசியாகப் பேசட்டும். மறுநாள் சாச்சியைத் தனியே கேளுங்கள். பிள்ளையிடம், அவள் பயப்படாத ஒருவர், ராத்தாவோ மாமியோ, "விருப்பமா?" என்று கேட்பதை விட்டு, "இதில் உனக்கு மனசுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்கட்டும்.