பூர்ஜப் பட்டைக்கு விலை வந்தது, கன்றுக்கு எப்போது?

தோல் உரியும் மரம் என்றால் நம் பக்கத்தில் கொய்யாவும் தைல மரமும் நினைவுக்கு வரும். இமயமலையில் பூர்ஜ மரம். சுமார் 3000 மீட்டர் உயரத்தில் தொடங்கி, வேறு மரம் நிற்காத எல்லை வரை இது வளர்கிறது. வெண்மையான பட்டை ஏடு ஏடாக உரியும். காகிதம் வருமுன் வடநாட்டார் இதில்தான் எழுதினர். 1881-ல் பெஷாவரை அடுத்த பக்‌ஷாலி கிராமத்தில் ஓர் உழவர் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த பழைய கணக்குச் சுவடியும் பூர்ஜப் பட்டையே.

இங்கிலாந்தில் இம்மரத்தை அழகுக்காக நடுகிறார்கள். நாற்றுப் பண்ணைக்காரர்கள் ஒட்டுக்கட்டி விற்றுக் காசு பார்க்கிறார்கள். பிறந்த மலையிலோ விறகுக்கு வெட்டியதும் பட்டைக்கு உரித்ததுமே அதிகம்.

இப்போது உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தின் நீத்தி, மாணா பள்ளத்தாக்குப் பெண்கள் பட்டையில் எழுத்தும் சித்திரமும் தீட்டி விற்கிறார்கள். 2023 ஜூலையில் பிரதமர் தம் வானொலி உரையில் இதைப் பாராட்டினார். மலைக் குடும்பத்துக்கு நாலு காசு வருவது நல்லதே. ஆனால் சரக்கு எங்கிருந்து வரும்? மேல் ஏட்டை மட்டும் மெல்ல உரித்தால் மரம் தாங்கும். உள்பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் பட்டுப்போகும். விலை ஏறினால் கத்திக்கு அளவு தெரியாது.

ஆகவே பட்டை வாங்குவதோடு நில்லாமல், குடியானவர் நிலத்தில் நாற்றங்கால் போட ஏற்பாடு வேண்டும். விதை மிகப் பொடியானது. சில வாரம் ஈரத்தோடு குளிர் பட வேண்டும். மேலாகத் தூவினால் போதும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் மண் போட்டு மூடக்கூடாது. ஈரம் காயவே கூடாது. ஆடு, கோவேறு கழுதை வாய்க்கு எட்டாமல் வேலி அவசியம். மலையேறும் வீராங்கனையும் பேராசிரியையுமான ஹர்ஷவந்தி பிஷ்ட், கங்கோத்ரிக்கு மேலே போஜ்பாசாவில் பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கிறார். (நம் சமவெளி வெயிலில் இது பிழைக்காது, கன்று என்று யாராவது விற்க வந்தால் ஏமாற வேண்டாம்.)

இளமரத்தின் பட்டை பழுப்பாகவே இருக்கும். வெளுத்து உரியப் பல வருஷம் ஆகும். சிறு விவசாயி அதுவரை எதைத் தின்பார்? முதல் வருமானம் கன்று விற்பனையிலிருந்து வந்தாக வேண்டும். வாங்க வேண்டியது வனத்துறை. விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கொல்லையில் ஒரு மூலைக்கு வேலி போட மலைக் குடியானவர் தயங்க மாட்டார்.