மனப்புண்ணும் மென்மையான சிகிச்சையும்

பேரிடருக்கு ஆளான மக்களிடையே பணிபுரிவோர் பொதுவாக இரு அறிவுரைகளுள் ஒன்றைக் கூறி வருகின்றனர். "நடந்ததை மறந்துவிடு" என்பது ஒன்று. "மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடு" என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் இரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகளேயாகும். துன்புற்றவரின் மனம் எவ்வளவு விரைவில் ஆற வேண்டும் என்பதை வெளியிலுள்ள ஒருவர் ஆணையிட இயலும் என்னும் எண்ணமே அப்பிழை. இவ்விரண்டையும் கைவிட்டு, மென்மையான முறைகளை மேற்கொள்வதே அறிவுக்கு உகந்ததாகும்.

சாதாரண நினைவுக்கும் அதிர்ச்சி நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் அறிதல் நலம். சென்ற ஆண்டு நிகழ்ந்த திருமணத்தை எண்ணிப் பார்ப்பவர், அதனை முடிந்துபோன நிகழ்ச்சியாகவே எண்ணுகிறார். வெள்ளத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவரோ, மழையோசை கேட்ட அளவிலேயே அந்நாளுக்குள் மீண்டும் தள்ளப்படக் கூடும். மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதி மிகுதியாகக் கிளர்ச்சியுறுவதும், நிகழ்ச்சியைக் காலத்தோடும் இடத்தோடும் பொருத்தி வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி செவ்வனே இயங்காமையும் இதற்குக் காரணங்கள் எனக் கருதப்படுகின்றன. இந்நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின் அது நோயாகிறது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980-இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் பேரிடரைக் கண்டோருள் பெரும்பாலோர் இந்நோய்க்கு ஆளாவதில்லை. உற்றாரின் அரவணைப்பும், அன்றாட வேலையும், காலமும் அவர்களைத் தேற்றிவிடுகின்றன.

இவ்வுண்மையை மறந்ததன் விளைவு ஒரு படிப்பினையாக நிற்கிறது. 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்னும் அமெரிக்கர், தீயணைப்போர் முதலிய அவசரப் பணியாளருக்கென ஒரு முறையை வகுத்தார். விபத்து நிகழ்ந்த சில நாட்களுக்குள் அவர்களைக் கூட்டி, கண்டதையும் உணர்ந்ததையும் விரிவாகச் சொல்ல வைப்பது அம்முறை. நாளடைவில் அது பேரிடருக்கு ஆளான பொதுமக்களுக்கும் கையாளப்பட்டது. நன்னோக்கத்துடன் செய்யப்பட்டதே எனினும், 2002-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஒரே அமர்வில் செய்யப்படும் இத்தகைய உரையாடல் பின்னர் வரும் நோயைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்று காட்டியது. சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம் என்றும் எச்சரித்தது. ஆறத் தொடங்கும் புண்ணை அன்றாடம் கட்டவிழ்த்துப் பார்ப்பது மருத்துவம் ஆகாது.

அவ்வாறாயின் மௌனமே மருந்தோ எனில், அதுவும் அன்று. நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் இடைவிடாது விலக்கி வருவோரிடம் அச்சம் குறையாது நிலைபெறுகிறது. மென்மை என்பது நினைவைத் தொடாதிருத்தல் அன்று. தாங்கக்கூடிய அளவில், பாதுகாப்பான சூழலில், துன்புற்றவரின் இசைவுடன் தொடுதலே மென்மையாகும். நிறுத்துமாறு கூறும் உரிமை எந்நேரமும் அவரிடமே இருத்தல் வேண்டும்.

இன்று சான்றுடன் வழங்கும் சிகிச்சைகள் இவ்வியல்பினவே. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட நெறிகள், இந்நோய்க்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவுச் சிகிச்சையையும் பரிந்துரைத்தன. பின்னது 1989-இல் ஃபிரான்சின் ஷாபிரோ வெளியிட்டது. நோயாளி துயர நினைவைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்திக்கொண்டு, மருத்துவரின் அசையும் விரலைக் கண்களால் பின்தொடர்கிறார். அக்கண்ணசைவு இன்றியமையாததுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் அகதிகளுக்கென வகுத்த மற்றொரு முறையில், வாழ்க்கையைக் குறிக்கும் ஒரு கயிறு தரையில் விரிக்கப்படுகிறது. இன்ப நிகழ்ச்சிக்கு ஒரு மலரும் துன்ப நிகழ்ச்சிக்கு ஒரு கல்லும் அதன்மீது வைக்கப்படுகின்றன. பின்னர், பிறந்த நாள் தொட்டு வரலாறு முறையாகச் சொல்லப்படுகிறது. கல் மறைவதில்லை, ஆனால் அது கயிற்றின் ஓரிடத்தில் அமைந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கை உண்டு என்பது புலனாகிறது.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், போரினாலும் வாடிய வடகிழக்கு இலங்கையில் 31 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு சாராருக்கு மேற்கூறிய கயிற்று முறையும், மற்றொரு சாராருக்குத் தியானமும் தளர்ச்சிப் பயிற்சியும், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரால் ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் இரு சாராருள்ளும் பெரும்பாலோர் நலம் பெற்றிருந்தனர். சிகிச்சை பெறாத குழுவோடு ஒப்பிடப்படாமையால் இதிலிருந்து பெருமுடிவு காண்பது பொருந்தாது. எனினும், ஒரே வழியில்தான் மனம் ஆறும் என்று வற்புறுத்துவதற்கும் இடமில்லை என்பது தெளிவு.

களப்பணியாளரும் ஆசிரியரும் உளமருத்துவர் அல்லர்; அவ்வாறு ஆகவும் வேண்டுவதில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு, நோக்குதல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்றை மட்டுமே வகுத்தது. யாருக்கு உடனடித் தேவை என நோக்க வேண்டும். சொல்ல விரும்புவோரிடம் செவிசாய்க்க வேண்டும். உணவு, உறைவிடம், உறவினர், மருத்துவம் ஆகியவற்றோடு இணைத்துவிட வேண்டும். துருவித் துருவி வினவுதல் இதில் இல்லை.

பள்ளியில் இக்கடமை இன்னும் நுட்பமானது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில், அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற சிறுவர் பலர் இடிபாடுகளில் சிக்கி மாண்டனர். அத்தகைய ஊரில் விழா நாளே துயர நாளும் ஆகிறது. அந்நாள் நெருங்குகையில் ஒரு மாணவன் சோர்வுற்றால் அதனைக் கீழ்ப்படியாமை எனக் கொள்ளுதல் தகாது. பேரிடருக்குப் பின் படுக்கையை நனைக்கத் தொடங்கும் குழந்தையைத் தண்டித்தல் தீமையே பயக்கும். "அன்று கண்டதை வரைந்து காட்டு" என்று வகுப்பு முழுவதையும் பணித்தலும் அவ்வாறே. மணியடித்துப் பாடம் தொடங்குவதும், வழக்கமான விளையாட்டும், மாறாத முகமுடைய ஓர் ஆசிரியரும் குழந்தைக்கு அளிக்கும் உறுதியைச் சிறிதென எண்ணலாகாது.

நிபுணர் அரியராக உள்ள நாட்டில் இவ்வளவு பொறுமை சாத்தியமா எனச் சிலர் வினவக்கூடும். 1984-இல் போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் பொது மருத்துவருக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் ஆசிரியருக்கும் தொண்டருக்கும் பயிற்சி அளித்தனர். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஒரு மாதம் கடந்தும் உறக்கமின்றி, அஞ்சி, ஒதுங்கி வாழ்வோரை இத்தகைய உதவியோடு இணைப்பதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையோரைச் சிறிதும் தாமதியாது இணைப்பதும் களப்பணியாளரால் இயல்வனவே.

மேலதிகாரிகள் கருதற்பாலதும் ஒன்று உண்டு. மாத அறிக்கையில் "இத்தனை பேருக்கு ஆறுதலுரை அளிக்கப்பட்டது" என்னும் எண்ணிக்கை மட்டுமே கோரப்படுமாயின், பணியாளர் அவ்வெண்ணிக்கையைப் பெருக்கவே முயல்வர். ஒரே தாய் ஐந்து பேரிடம் ஐந்து முறை தன் இழப்பைச் சொல்ல நேரிடும். எத்தனை பேர் பேசினர் என்பதை விடுத்து, எத்தனை குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினர், எத்தனை பேர் தொழிலுக்குச் சென்றனர், மருத்துவரிடம் அனுப்பப்பட்டோருள் எத்தனை பேர் சிகிச்சையைத் தொடர்கின்றனர் என்று கேட்பதே முறை. பேசாதிருக்க விரும்பியவரின் விருப்பத்தை மதித்து, மறுவாரமும் அவர் வாயிலுக்குச் சென்று வந்த பணியாளரின் உழைப்பும் அவ்வறிக்கையில் இடம்பெறுதல் வேண்டும்.